நான் அடிக்காத வரி

பத்தொன்பது வருஷமாக இந்த வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்கிறேன். கட்சிக்காரர் சொல்லாத ஒரு வார்த்தையைக்கூட நான் சேர்த்ததில்லை.

அன்று வந்த அம்மா கார் விபத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். காரை ஓட்டியது இந்த அம்மாதான். "ஒரு நிமிஷம் அவர் பக்கம் திரும்பிட்டேன். தப்பு என் மேலதான்னு எழுதுங்க" என்றார். வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

வாக்குமூலத்தைச் சொன்னபடியே அடித்தேன். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். வாசித்தால், அந்த இடத்தில் வேறு வரிகள் இருந்தன: "அவ ரோட்டைத்தான் பார்த்துட்டிருந்தா. லாரிதான் நடுக்கோட்டைத் தாண்டி வந்துச்சு."

மன்னிப்புக் கேட்டு, அழித்து, அந்த அம்மா சொன்னதையே மறுபடி அடித்துப் புதுத்தாளில் அச்செடுத்தேன். அதே வரிகள்தான். கீழே ஒன்று கூடியிருந்தது: "பிடிவாதம் பிடிக்காம கையெழுத்தைப் போடு, தொட்டாச்சிணுங்கி."

"யாரும்மா அது, தொட்டாச்சிணுங்கி?" என்றேன்.

அந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவர் எனக்கு வெச்ச பேரு. இத்தனை வருஷத்துல ஒரு சண்டையிலயாவது என்னை ஜெயிக்க விட்டிருக்காரா? பேனாவைக் கொடுங்க."