இடது பக்கம் திரும்பிய சங்கிலி

"நீ இடது கையை மட்டும் நீட்டினேன்னு வெச்சுக்கோ, நான் அங்கேயே எந்திரிச்சுப் போயிடுவேன்!"

பர்கூரில் பெண் வீட்டு வாசலில், நாலு வழிச் சாலை போடும் புழுதியைத் தட்டிவிட்டபடி சரசம்மா மகனை மறுபடியும் எச்சரித்தாள். பிரதாப்புக்கு எல்லாமே இடது கைதான். அதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பெண்ணின் அப்பா கங்கப்பன் காபி டம்ளரை வலது கையால் நீட்டினார். பாதி அவர் வேட்டியிலேயே கொட்டியது.

"ஓசூர்ல என்ன வேலைங்க மாப்ள?"

"பாலிமர் ஆராய்ச்சிங்க. பாலிமர்னா ஸ்பிரிங் மாதிரி சுருண்ட மூலக்கூறுச் சங்கிலிங்க. கண்ணுக்குத் தெரியாது. தானா விட்டா பாதி வலது பக்கம் சுருளும், பாதி இடது பக்கம். நூறு கண்ணிக்கு நடுவுல, இடது பக்கமே திரும்பற கண்ணி ஒண்ணு ரெண்டைச் சேர்த்தா போதும். பக்கத்துக் கண்ணி அது கூடவே திரும்பும், அதோட அடுத்தது... கடைசியில மொத்தச் சங்கிலியும் இடதுதான்."

"ஒண்ணு ரெண்டு சேர்ந்து அத்தனையையும் திருப்பிடுமா!"

அப்போது பெண் மாதேஸ்வரி பஜ்ஜித் தட்டோடு வந்தாள். அவளைப் பார்த்த பரபரப்பில் பிரதாப்பின் இடது கை முந்திக்கொண்டது. பஜ்ஜி வாய்க்குள் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

சரசம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கங்கப்பன் அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல, இடது கையால் ஒரு பஜ்ஜி எடுத்தார். பக்கத்திலிருந்த சித்தப்பாவும் இடது கையால் எடுத்தார். அத்தை, மாமா, கடைசி நாற்காலியில் இருந்த பெரியப்பா வரை ஒவ்வொரு இடது கையாகத் தட்டுக்கு நீண்டது.

பிரதாப்புக்குக் கண் கலங்கிவிட்டது. லேபில் மாதக்கணக்காக மல்லுக்கட்டியும் ஒரு சங்கிலிகூட இத்தனை சுத்தமாகத் திரும்பியதில்லை.

பெண்ணோடு தனியாகப் பேச விட்டதும் அவன் அதைத்தான் முதலில் சொன்னான். "என் ஒருத்தன் மானத்தைக் காப்பாத்த, இத்தனை பேரும் திரும்பிட்டாங்களேங்க!"

"ஐயோ, யாரும் திரும்பலீங்க" என்று மாதேஸ்வரி சிரித்தாள். "எங்க வீட்ல அத்தனை பேருக்கும் பொறந்ததுல இருந்தே இடது கைதான். எங்க நீங்க வேணாம்னுடுவீங்களோன்னு பயந்து, ஒரு வாரமா வலது கையில பழகிட்டு இருந்தோம்!"