மச்சினன் அனுப்பிய லேம்ப்

“கொன்னுட்டியேடா! நல்லா இருந்ததைக் கொன்னுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கிறியே!”

சமையலறையிலிருந்து பதறி ஓடிவந்த மனைவி, கணவர் எதிரே தலைகுனிந்து நின்ற தன் தம்பியைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் துணி போர்த்திக் கிடந்ததைப் பார்த்தாள். புரொஜெக்டர்! போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

“ராத்திரி போட்டுப் பார்த்தேன். படம் அழுது வடியுது. லேம்ப் போயே போச்சு,” என்றார் மருந்துக்கடைக்காரரான கணவர். “பகல்ல வீட்ல யாரு இருக்கா? இவன் ஒருத்தன்தானே!”

அந்த லேம்ப்பை அவர் பொத்திப் பொத்தி வளர்த்தார். எப்போதும் சிக்கன மோடில்தான் ஓட்டுவார். அணைத்தபின் விசிறி சுற்றி ஓய்ந்து சூடு தணியும்வரை பிளக்கை யாரும் தொடக் கூடாது. ஃபில்டரில் தூசி தட்டவே ஒரு ஷேவிங் பிரஷ் வைத்திருந்தார். “அப்பாவுக்கு மூத்த பொண்ணு அதுதான், நான் அடுத்தவ,” என்பாள் மகள்.

விளக்கு விஷயத்தில் அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கடையின் டியூப்லைட்டுகளைக்கூட, வெளிச்சம் போதவில்லையென்று சமீபத்தில்தான் மொத்தமாக மாற்றியிருந்தார். இந்தக் காலத்தில் எதுவும் உழைப்பதில்லை என்பது அவர் புலம்பல்.

“நான் தொடவே இல்ல அத்தான்,” என்றான் மச்சினன். வேலை போனதால் அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தவன். “எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு மெனுவுலயே காட்டுமே, பாருங்களேன்.”

“பார்த்தேன். பாதி ஆயுசுகூட ஆகலேன்னுதான் காட்டுது. கம்ப்யூட்டர் படிச்ச உனக்கு அதை மாத்தி வைக்கவா தெரியாது?”

அதோடு அவர் விட்டிருக்கலாம். “சும்மா உக்காந்து சாப்பிடறவன், கையையாவது சும்மா வெச்சுக்கணும்!” என்றும் சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பயன்?

மறுநாள் காலை மச்சினன் பெட்டியோடு வந்து நின்றான். “வரேன் அத்தான். ஃப்ரெண்டு ரூம்ல இடம் இருக்காம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல், செருப்பைத் தேடுகிறவர்போல அவர் குனிந்துகொண்டார்.

மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, பேச்சுதான் வரவில்லை. புரொஜெக்டர் இருந்த அறைப் பக்கம் அவளோ மகளோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போர்த்திய துணி போர்த்தியபடியே கிடந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், புத்தம்புது லேம்ப். அனுப்பியவன் மச்சினன்.

“வேலை கிடைச்சிடுச்சு அத்தான்,” என்றான் போனில். “உங்க மெஷினுக்கு எது பொருந்தும்னு நல்லா விசாரிச்சுதான் வாங்கினேன்.”

“எதுக்குப்பா இதெல்லாம்...” என்று இழுத்தார் அவர்.

“இருக்கட்டும் அத்தான். கஷ்டத்துல தங்க இடம் குடுத்தீங்களே.”

போனை வைத்தபின் அவர் கூனிக்குறுகிப்போனார். ‘தப்பு பண்ணாதவன் எதுக்கு வாங்கி அனுப்பணும்?’ என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அன்று மனைவிக்கு எதிரே நடமாட முடிந்தது.

ஞாயிறு மத்தியானம், கடையிலிருந்து கொண்டுவந்த கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் விரல் படாமல் லேம்ப்பைப் பொருத்தினார். திரைச்சீலைகளை இழுத்துவிட்டார். முதல்முறையாகச் சிக்கன மோடை விட்டு முழு வெளிச்சத்தில் ஓடவிட்டார்.

படம் விழுந்தது. அதே மங்கல். முகங்களெல்லாம் புகைக்குள் நிற்பதுபோல இருந்தன.

அவருக்குக் கோபம் வரவில்லை, நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“ரெண்டு பேரும் இங்க வாங்க!” என்று கூவினார். “உன் தம்பி அனுப்பின லட்சணத்தை நீயே வந்து பாரு! எவனோ அவன் தலையில டூப்ளிகேட்டைக் கட்டியிருக்கான். மினுக்கு மினுக்குனு எரியுது!”

தம்பி போனபின் முதல்முறையாக மனைவி அந்த அறை வாசலுக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் வந்த மகள், சட்டென்று புருவத்துக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் குறைங்கப்பா... கண்ணு கூசுது!”