மாயம்மாளின் மனு

"நமக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேருங்க?" மாயம்மாள் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"மூணு பேரு. நீ கொஞ்சம் உக்காரேன்" என்றான் அவள் கணவன் வீரபாண்டி.

அவள் எங்கே உட்கார்ந்தாள்! ரத்தப் புற்றுநோய்க்கு வாங்கிவந்த பென்ஷனைப் புதுப்பிக்க அவள் கொடுத்த மனுவுக்கு இன்று முடிவு தெரியும். மட்டாஞ்சேரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தாலுகா ஆபீஸ் கதவைத் திறக்கும் முன்பே வாசல் வரிசையில் நின்றவள். கல்யாணப் பட்டு வேறு கட்டியிருந்தாள். பென்ஷன் மனுவுக்குப் பட்டுப்புடவையில் வந்த ஆளை அந்த ஆபீஸ் அதுவரை பார்த்திருக்காது.

வரிசையில் நின்ற கமலாக்ஷி சிரித்தாள். "பென்ஷன் கிட்டினா என்ன செய்வே, சேச்சி?"

"நல்ல சேதி மட்டும் வரட்டும், நேரா பிராட்வே கடைத்தெருதான். இவருக்கு ஒரு சட்டை, எனக்குக் கை நிறைய வளையல்!"

வீரபாண்டி முணுமுணுத்தான். அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஆபீஸ் என்றாலே அவனுக்கு ஆகாது. "இந்த மனுவே வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. அவளைப் பார்த்ததும் போய்விட்டது. வைத்தியத்தில் கொட்டிய முடி இப்போதுதான் காது வரை வளர்ந்திருந்தது. இந்த ஒரு மாதமாக ரேஷன் கார்டு நகல், வருமானச் சான்றிதழ், மெடிக்கல் போர்டு என்று அவள் ஒருத்தியே அலைந்தாள். போர்டு டாக்டர்கள் எழுதியதை அவளிடம் காட்டவில்லை. கவரில் போட்டு சீல் வைத்து, நேரே ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மாயம்மாள்!"

ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே கிளார்க் பினு, இளகிய மனசுக்காரன். ஃபைலைத் திறந்தான், மூடினான்.

"சேச்சி சாயா குடிச்சோ?"

"சாயா கிடக்கட்டும் சாரே. என்ன எழுதியிருக்கு, அதைச் சொல்லுங்க!"

"சங்கடப்படக் கூடாது. மனுவைத் தள்ளிட்டாங்க. இனி பென்ஷன் இல்ல."

"நல்லாப் பாருங்க. என் பேருதானா?"

"சேச்சி பேருதான். தாசில்தார் ஒப்பு, சீல், எல்லாம் உண்டு." பினு காரணத்தையும் குரலைத் தாழ்த்தி வாசித்துக் காட்டினான்.

மாயம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆத்தா!" என்று ஒரு சத்தம் போட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வரிசையே திரும்பிப் பார்த்தது.

வீரபாண்டி பதறிப்போய் ஓடிவந்தான். "அழாத புள்ள. பென்ஷன் போனாப் போகுது. நான் ரெண்டு மூட்டை கூடத் தூக்குறேன்."

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வெறும் ரத்தக்குறைவுன்னு நீங்களும் டாக்டரும் சேர்ந்து மூணு மாசம் என்னை ஏமாத்துனீங்க, கேன்சர்னு எனக்குத் தெரிஞ்சதே முதல் பென்ஷனுக்கு வந்தப்போ இதே ஜன்னல்லதான். போன மாசம் அதே ரெண்டு பேரும் வந்து 'நோய் சுத்தமாப் போயிருச்சு'ன்னா நான் எப்படிங்க நம்புறது? என் மனசு நோகக் கூடாதுன்னு நீங்க பொய் சொல்லுவீங்க, நோய் இல்லன்னு பென்ஷனை நிறுத்துற கவர்மெண்ட் சொல்லுமா?"