ஓடில்லாத முட்டை

இனி கேன்டீனில் அவிச்ச முட்டையை முழுசாகத் தரமாட்டார்களாம். உரித்து, உதிர்த்து, பொடிமாஸாகச் சோற்றின்மேல் கொட்டிவிடுவார்களாம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இந்தச் சேதி பரவியதும் பூங்குழலிக்கு வேலையே ஓடவில்லை. மிஷினில் நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

கேன்டீன் முட்டை அவள் வயிற்றுக்குள் போய் வெகுநாளாகிறது. மத்தியானம் தட்டில் விழுந்த கையோடு பைக்குள் போகும். சாயந்திரம் மூணு வயசு மகள் வாய்க்குள் போகும். அவள் மட்டுமா, பிள்ளை பெற்ற பாதிப்பேர் அப்படித்தான். கேட்டில் பையைத் துழாவும் செக்யூரிட்டி ராமலிங்கத்துக்கும் தெரியும். அவருக்குத் தோல் துண்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். முட்டை போனால் அவருக்கென்ன.

இந்த வேலையைச் செய்தது அக்சா. கேன்டீனை எடுத்து நடத்தும் சாப்பாட்டுக் கம்பெனியின் டயட்டீஷியன். வேலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற சின்னப் பெண். வந்ததும் உப்பைக் கம்மி பண்ணினாள். வடையை நிறுத்திச் சுண்டல் போட்டாள். இப்போது முட்டைக்கு வந்துவிட்டாள்.

பூங்குழலி இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அக்சாவின் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"அக்கா, வடையில கொழுப்பு ஜாஸ்திக்கா. முட்டையை இனிமே நாங்களே மென்னு தர்றோம். நீங்க முழுங்கினா போதும்க்கா."

லைன் மொத்தமும் சிரித்தது. பக்கத்து மிஷின் நசீமுன்னிசா மட்டும் சிரிக்காமல், பின்பக்கம் பார் என்று கண்ணைக் காட்டினாள்.

அக்சா நின்றிருந்தாள்.

"என் குரல் இன்னும் கொஞ்சம் கட்டைக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது பூங்குழலிக்கு.

மறுநாள் பூங்குழலி டிபன் டப்பாவோடு போனாள். பொடிமாஸை வழித்துப் போட்டு மூடப் போகையில் அக்சா வந்துவிட்டாள். சாப்பாடு வெளியே போகக் கூடாதாம். இங்கேயே தின்றுவிட்டு, காலித் தட்டைக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கணுமாம்.

பூங்குழலிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தை வாயில் போறதைப் பிடுங்கி உங்க கம்பெனி இன்னா லாபம் பார்க்குது என்று கேட்டாள். நீ ஒண்ணைப் பெத்திருந்தா தெரியும் என்றும் சொல்லிவிட்டாள்.

அக்சாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"போன வாரம் மிஷின்மேல மயங்கி விழுந்தது நீங்கதானேக்கா. சாப்பிடுங்க."

அன்றைக்கு நசீமுன்னிசா ஓடி வந்து ஸ்விட்சைத் தட்டியிருக்காவிட்டால் ஊசி விரலில் இறங்கியிருக்கும். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கே வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பூங்குழலி முறைத்தபடியே தின்றாள். பொடிமாஸ் ருசியாக இருந்தது அதைவிடப் பேஜார்.

அந்த மாசம் முழுக்க இதே கதைதான். சாயந்திரமானால் மகள் பையைத் துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். பூங்குழலி மனசுக்குள் அக்சாவைத் திட்டுவாள். தலைசுற்றல் நின்றுபோனதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு சனிக்கிழமை, வேலை விட்டு வந்தால் கேட்டில் ஒரே கூட்டம். ராமலிங்கம் பக்கத்தில் அக்சா கூடையோடு நின்றிருந்தாள். கூடை நிறைய அவித்த முட்டை, ஓட்டோடு. வீட்டில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொன்று, இனி தினமும் உண்டாம்.

"இது பாப்பாவுக்கு," என்று பூங்குழலி கையில் ஒன்றை வைத்தாள். "மத்தியானத்து முட்டை உங்களுக்கு."

பூங்குழலி முட்டையைப் பைக்குள் வைத்தாள். முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை பேச்சு வாங்கியிருப்பியா என்றாள்.

கம்பெனி ஒத்துக்குமான்னே தெரியாதேக்கா என்றாள் அக்சா. முதல் முட்டையையே தின்னாதவங்களுக்கு ரெண்டாவது எதுக்கு என்று கேட்டார்களாம். தட்டு காலியாகிறது, மயங்கி விழுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்று காட்டின பிறகுதான் தலையாட்டினார்களாம்.

"அது சரி, நாங்க வீட்டுக்குக் கொண்டு போறதை, முட்டையை உதிர்க்கறதுக்கு முன்னாடியே உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலைக்கா." அக்சா கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாவும் ஷூ கம்பெனிதான். தினம் ஒரு முட்டை வீட்டுக்கு வரும். 'நீ தின்னியாம்மா'ன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."