ஸ்கோப் கேட்ட களிமண்

செராமிக் கல்லூரியின் சூளை வாசலில் இரண்டு களிமண் கட்டிகள் காத்திருந்தன.

"அண்ணே, இதுல ஸ்கோப் எப்படி? உள்ளே போனா என்னவா வெளியே வருவேன்?" என்று கேட்டது பெரிய கட்டி.

"ஸ்பார்க் பிளக் ஆகலாம், பொய்ப்பல் ஆகலாம், ராக்கெட்டுக்குச் சூடு தாங்குற ஓடாகவும் போகலாம்," என்றது சூளை.

"கக்கூஸ் கோப்பை?"

"அதுவும் ஆகலாம்."

பெரிய கட்டிக்கு முகம் சுருங்கியது. "எங்க வம்சத்துல யாரும் அந்த வேலைக்குப் போனதில்ல. ராக்கெட்தான்னு உறுதி சொல்லுங்க, இப்பவே வர்றேன்."

"முதல்ல வேகணும் தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்."

சின்னக் கட்டி பேசாமல் உள்ளே போனது. கக்கூஸ் கோப்பையாகத்தான் வந்தது. இப்போது ஏர்போர்ட்டில் இருக்கிறது.

பெரிய கட்டி யோசித்து யோசித்து வாசலிலேயே காய்ந்து உதிர்ந்தது. அதை அள்ளித் தண்ணீர் விட்டுக் குழைத்து, சூளைக் கதவின் இடுக்கை அடைக்க அப்பிவிட்டார்கள்.

புதிதாக எந்தக் களிமண் வந்தாலும் அதுதான் முதலில் கூப்பிடுகிறது.

"செராமிக்கா? ஸ்கோப்பே கிடையாது தம்பி. நான் இத்தனை வருஷமா இந்த ஃபீல்டுலதான் இருக்கேன்."