முதல் கால்

வத்தளைக்கு அப்பால் சதுப்பு ஓரத்தில் தனியாளாகப் பன்னிரண்டு மாடு வளர்க்கும் தனுஷியா, வெள்ளவத்தையில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்காகச் செவலைப் பசுவோடு லொறியில் வந்து இறங்கினாள்.

வீட்டுக்கார இரத்தினம்மா வாசலிலேயே மறித்தாள்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. கலியாணம் கட்டாத ஆள் முதல்ல உள்ளுக்கு வரப்படாது. கயித்தை இவரிட்டக் குடுத்திட்டு றோட்டில நில்லுங்கோ."

"அதுக்கென்ன அன்ரி."

பசுவின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விலகினாள்.

இரத்தினம்மாவின் கணவர் இழுத்தார். ஐயர் தள்ளினார். வந்திருந்த சனமெல்லாம் வாழைப்பழம் காட்டியது. செவலை படியில் குளம்பை வைக்கவேயில்லை. சுபநேரம் முடிய மூன்று நிமிடந்தான் இருந்தது.

"பிள்ளை, நீங்களே முன்னுக்குப் போங்கோ," என்றாள் இரத்தினம்மா அழாக்குறையாக.

தனுஷியா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

"செவலை, வாடி."

பசு பூனைக்குட்டி போலப் பின்னால் போனது.

திரும்பும் வழியில் லொறிக்காரர் ரிப்கான் கேட்டார்: "ஏன் தங்கச்சி, மாடு அப்புடி அடம்புடிச்ச?"

"கழுத்தில ரெண்டு தட்டுத் தட்டினால் நான் கூப்பிடுமட்டும் அசையாது. அப்பிடித்தான் பழக்கி வச்சிருக்கிறன்." தனுஷியா மிஞ்சிய வாழைப்பழத்தை உரித்தாள். "இண்டையோட ஒன்பது வீட்டுக்கு முதல் கால் என்ரதான், ரிப்கான் நானா."