மூன்று மதிப்பெண்கள்

மருத்துவ நுழைவுத்தேர்வில் பெனிட்டா தேறியதும், பயிற்சி மைய வாசலில் அவள் படத்தோடு 'பிறவி மேதை' என்று பேனர் கட்டினார்கள். அதைப் பார்த்த பெனிட்டா நாற்காலி போட்டு ஏறி, அந்தச் சொற்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்தாள். கீழே தன் மூன்று வருட மதிப்பெண்களையும் பெரிதாக எழுதினாள்: 187, 402, 651.

"பேனரக் கெடுத்துட்டியேம்மா!" என்று மைய உரிமையாளர் துரைப்பாண்டி ஓடி வந்தார்.

"மேதைத்தனம் பிறவியிலயே இருந்திருந்தா, மொத தடவ அது எங்க சார் போச்சு?"

முதல் தேர்வில் தோற்று, படிப்பை நிறுத்திவிட வந்திருந்த ஒரு பெண் பேனரையே பார்த்தாள்.

"அக்கா, நூத்தி எம்பத்தேழா? எனக்கு இருநூத்திப் பத்து வந்துச்சே!"

பெனிட்டா சிரித்தபடி நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"அப்ப என்னைவிட நீ முன்னாடி நிக்கிற. வா உள்ள!"